அடியில் மூன்று அலைகள்

டென்மார்க்கில் செய்த பீங்கான் பறவைகளை விருதுநகரில் ஒரு வங்கி குமாஸ்தா சேர்த்துக்கொண்டிருப்பது வேடிக்கையாகத்தான் படும். நண்பர் ஒருவர் இதை அன்னிய மோகம் என்றார். மோகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பியப் பீங்கானின் சரித்திரமே அன்னிய மோகத்தின் சரித்திரம்தான்.

சீனப் பீங்கானை ஐரோப்பா வெகுகாலம் விலை கொடுத்து வாங்கியது, செய்யத் தெரியவில்லை. 1710-ல் ஜெர்மனியின் மைசனில்தான் அசல் பீங்கானுக்கு முதல் ஆலை எழுந்தது. டேனியர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள். 1845-ல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய ஆசியக் கம்பெனி கான்டனிலிருந்து தேயிலையோடு பீங்கானையும் ஏற்றிச் சென்றது. 1775-ல் ம்யூல்லர் என்ற ரசாயன நிபுணர் முயற்சியால் கோபன்ஹேகனிலேயே ஆலை வந்தது. அதன் முத்திரை மூன்று நீல அலைக்கோடுகள். டென்மார்க்கின் மூன்று ஜலசந்திகளைக் குறிப்பவை.

நான் சொல்லும் பறவைகள் பிறக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1885-ல் கலைப்பொறுப்பை ஏற்ற ஆர்னால்ட் க்ரோக், மெருகுக்கு அடியில் வண்ணம் தீட்டும் முறையைப் புதிதாக்கினார். ஜப்பானியக் கலையின் பாதிப்பு அவரிடம் வெளிப்படை. இந்த முறையில் சூளையின் உஷ்ணம் சுமார் 1400 டிகிரி. அதைத் தாங்கும் வண்ணங்கள் மிகச் சில: கோபால்ட் நீலம், குரோமியப் பச்சை, ஒரு பழுப்பு. கோபன்ஹேகன் பறவைகள் எல்லாமே பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவதற்குக் கலைஞனின் மனநிலை மட்டும் காரணமல்ல. நெருப்பு அனுமதித்தது அவ்வளவுதான். வரம்பையே அவர்கள் பாணியாக்கிக்கொண்டார்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு கிடைத்தது. போட்டி ஆலையான பிங் அண்ட் க்ரோண்டாலில் டால்-யென்சன் இரண்டு சிட்டுகளை வடித்தார். ஒன்றுக்கு நம்பிக்கைவாதி என்றும் மற்றதற்கு அவநம்பிக்கைவாதி என்றும் பெயர் நிலைத்துவிட்டது. க்னுட் க்யூன் கனத்த கல்மண்ணில் செய்த உருவங்களில் இறகுகளை எண்ண முடியாது; பாரத்தைத்தான் உணர முடியும்.

என் முதல் பறவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய எனாமல் தூக்குகளுக்கு நடுவே கிடைத்தது. சாம்பல் நீலத்தில் ஒரு குருவி. கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று அலைகளின் குறுக்கே ஒரு கீறல். ஆலையே தன் சரக்கை இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதன் அடையாளம் அது என்று பிறகு அறிந்தேன். சேகரிப்பவர்கள் பலர் கீறல் விழுந்ததைத் தொடமாட்டார்கள். எனக்கு அந்தக் கீறல் பிடித்திருந்தது. தவறை மறைக்காமல், அதையும் கையெழுத்துபோல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே வண்ணம் தீட்டியவரின் குறி. 1935-க்குப் பிந்திய உருப்படிகளில் ஆலைப் பெயரின் ஓர் எழுத்துக்கு மேலோ கீழோ சிறு கோடு இருக்கும். அதைக் கொண்டு ஆண்டைச் சொல்லிவிடலாம்.

குருவியை மேஜைமேல் வைத்தபோதுதான் எங்கள் ஊர்க் குருவி நினைவுக்கு வந்தது: குருவி வெடி. சிவகாசியும் அன்னிய மோகத்தில் பிறந்த தொழில்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டபோது பட்டாசு வளர்ந்தது. இங்கும் நெருப்புதான் வண்ணத்தைத் தீர்மானிக்கிறது, ஆனால் தலைகீழாக. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பும் பேரியம் பச்சையும் சுலபம், நீலம்தான் கஷ்டம். சூடு ஏறினால் செம்பு தரும் நீலம் வெளிறிப்போகும். சூளையில் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் நிறம் வானத்தில் முதலில் தோற்கிறது.

வித்தியாசம் இதோடு முடிந்தால் ரசாயனம் என்று விட்டுவிடலாம். பீங்கான் குருவியைத் திருப்பினால் தீட்டியவரின் குறி இருக்கிறது. குருவி வெடியைச் சுற்றிய பெண்ணின் குறி எங்கும் இல்லை. இருந்தாலும் வெடித்துச் சிதறியிருக்கும். லேபிளில் பறவை உண்டு, கம்பெனியின் பெயர் உண்டு. செய்தவர் பெயர் அச்சில் வருவது விபத்துக்கு மறுநாள்தான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாம் படித்தது அத்தகைய ஒரு பட்டியலை.

டேனியர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தரங்கம்பாடியின் பெயரை விஞ்ஞானத்தில் தாங்கி நிற்கும் பறவை ஒன்று உண்டு, கழுத்தின் பின்புறம் கறுப்புப் பட்டையுள்ள ஒரு சிறு செம்புறா. 1804-ல் ஹெர்மனின் நூலில் அதற்கு ட்ராங்க்பாரிகா என்ற பெயர் பதிவாயிற்று. ஊரின் பெயர் இருக்கிறது. அந்தப் புறாவைப் பிடித்த கை யாருடையது என்பது பெயரில் இல்லை. சேகரிப்பு என்பதே பெரும்பாலும் இப்படித்தான்: பொருள் தங்கும், கை மறையும்.

அதனால்தான் நண்பரின் குற்றச்சாட்டு எனக்கு உறைக்கவில்லை. எந்த ஊர்ச் சரக்கு என்பதல்ல கேள்வி. கவிழ்த்துப் பார்த்தால் செய்தவர் தெரிகிறாரா என்பதுதான். என் அலமாரியில் பீங்கான் குருவிக்குப் பக்கத்தில் ஒரு குருவி வெடியும் இருக்கிறது, திரியை அகற்றி வைத்திருக்கிறேன். அதையும் அவ்வப்போது திருப்பிப் பார்க்கிறேன். காகிதம்தான் தெரிகிறது.