இலவசக் கல்வியும் பூப்பெய்திய மாணவியும்

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்து, வயல்கள் சூழக் கிடப்பது தோப்பூர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலை நகருக்குச் செல்ல இப்பகுதி மக்கள் படகுத் துறைகளையே பெரிதும் நம்பியிருந்தனர். 2006 ஆகஸ்டிலே போர் மூதூர் மக்களைக் கந்தளாய்க்குத் துரத்தியது. ஆயினும், இத்தகைய ஊர்களில் பெண் கல்வி பின்தங்கியமைக்குக் கடலும் போரும் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லிவிட முடியுமா?

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி அமைத்தனர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்தி லெப்பை, முஸ்லிம் பெண்களும் கற்க வேண்டுமென்று வாதாடினார். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்ற மதில் இடிந்தது. ஆனால் இன்னொரு மதில் இடியவில்லை. 'பெரியபிள்ளை' ஆனதும் மகளைப் பள்ளியினின்றும் நிறுத்துவது, இந்து இல்லங்களிலும் முஸ்லிம் இல்லங்களிலும் வழக்கமாயிருந்தது. ஏழையின் மகளுக்குக் கதவைத் திறந்த சட்டம், அவளுக்கு ஓர் உடல் உண்டென்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வழக்கம் இன்று தளர்ந்துவிட்டது. எனினும் தண்ணீரில்லாத மலசலகூடமும், தாழ்ப்பாளில்லாத கதவும், வாங்க இயலாத சுகாதாரத் துவாயும் அதே வேலையைச் செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல், மாதந்தோறும் சில நாட்கள் நிறுத்துகின்றன. 2018 வரை இறக்குமதித் துவாய்களின் மீது நூற்றுக்கு நூறையும் தாண்டிய வரி இருந்தது. மாணவியர் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்குத் துவாய் வாங்க உதவும் திட்டம் 2024இல்தான் வந்தது. தமிழகத்தில் 'புது யுகம்' திட்டம் 2011இலேயே அறிவிக்கப்பட்டது. இவை சலுகைகள் அல்ல; இலவசக் கல்வியின் விடுபட்ட பகுதிகள்.

துவாய் மட்டும் போதாது. முதற் பூப்புக்கு முன் மாதவிடாயைப் பற்றி அறியாத மாணவியரே இலங்கையில் பெரும்பான்மை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய் கூசுகிறாள், சுகாதாரப் பாட ஆசிரியரோ "இதை வீட்டில் வாசியுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டுகிறார். அறியாமை அச்சமாகிறது, அச்சம் வருகைப் பதிவேட்டில் வெற்றிடமாகிறது. கூசாமல் கேட்கத்தக்க ஓர் ஆசிரியை, அல்லது உயர்வகுப்பு அக்கா ஒருத்தி, ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால் இந்த வெற்றிடம் குறையும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அரசிடம் தண்ணீரையும் கதவையும் உரிமையோடு கேட்போம். அதுவரை காத்திராமல், தாண்டப்பட்ட அந்தப் பாடத்தை நாளை வகுப்பறையிலே வாய்விட்டுப் படிப்பிப்போம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. கூச்சத்தை விட்டால் போதும்.