1247: ஏரிக்கரைக் கொடையும் காவிரிக்கரை அரசும்

பெங்களூரில் வாழும் தமிழரிடையே அவ்வப்போது ஒரு வினா எழுவதுண்டு. நாம் இவ்வூருக்கு எப்பொழுது வந்தோம் என்பதே அது. பாட்டனார் பட்டாளத்தோடு வந்தார் என்பார் ஒருவர். தந்தையார் ஆலை வேலைக்கு வந்தார் என்பார் மற்றொருவர். மத்திய அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக மாற்றலாகி வந்த என் போன்றோர் ஆணையின் எண்ணையும் தேதியையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். இவ்வினாவுக்கு, மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிற் சுவர் தரும் விடை மிகப் பழையது.

மடிவாளம் இன்று வண்டிகளின் இரைச்சல் ஓயாத இடம். அங்குள்ள அக்கோயிலிற் காணப்படும் தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று கி.பி. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெங்காளூர்ப் பெரிய ஏரிக்குக் கீழ்ப்பட்ட நிலத்தை வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கோயிலுக்கு அளித்த செய்தியை அது கூறுகின்றது. வெங்காளூர் என்பது பெங்களூர். வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வீரவல்லாள மன்னனுக்கு ஒரு மூதாட்டி அவித்த பயறு அளித்தமையால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்னும் கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அம்மன்னன் அரசேறியது 1173இல். பேகூரில் உள்ள கன்னட வீரக்கல்லோ, கி.பி. 890ஐ ஒட்டிய காலத்திலேயே 'பெங்களூர்ப் போர்' ஒன்றைக் குறிப்பிடுகின்றது. ஆகவே 1247இல் இவ்வூர்ப் பெயர் ஏற்கெனவே பழம்பெயர். அதைக் கன்னடக் கல்லும் அறிந்திருந்தது, தமிழ்க் கல்லும் அறிந்திருந்தது.

இனி, அவ்வாண்டில் நாட்டை ஆண்டவர் யாவர் என்று காண்போம். பெங்களூர்ப் பகுதி ஹொய்சளர் ஆட்சியில் இருந்தது. அவர்தம் பழந்தலைநகர் துவாரசமுத்திரம், அதாவது இன்றைய ஹளேபீடு. ஆனால் அன்றைய மன்னன் சோமேசுவரன் வீற்றிருந்தது அங்கன்று; திருவரங்கத்துக்கு அண்மையில், சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில்! விக்கிரமபுரம் எனப் பெயர் பூண்டு அவ்வூர் அவனுக்குத் தலைநகராயிற்று.

கன்னட நாட்டு அரசன் காவிரிக்கரைக்கு வந்த வரலாறு சுவையானது. 1231இல் கோப்பெருஞ்சிங்கன், சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்திற் சிறை வைத்தான். சோமேசுவரனின் தந்தையாகிய இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர்களை அனுப்பிச் சோழனை மீட்டான். இச்செய்தியைத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. உதவிக்கு வந்தோர் அங்கேயே ஊன்றினர். 1246இல் மூன்றாம் இராசேந்திரன் இளவரசுரிமை பெற்றமையால், 1247இல் சோழநாட்டுக்கு இருவர் அரசர். அவர்கள் நாட்டின் நடுவிலேயே ஹொய்சளன் தலைநகர். அவ்வாண்டிலேயே கடல் கடந்து தாம்பிரலிங்கத்துச் சந்திரபானு இலங்கைமீது படையெடுத்தான். தெற்கெங்கும் வாளோசை கேட்ட காலம் அது.

அத்தகைய ஆண்டில் வேப்பூர்க் குடிமகனார் செய்தது என்ன? நிலம் கொடுத்தார், அதைத் தமிழிற் பொறிக்கச் செய்தார். கன்னட மன்னன் தமிழ்நாட்டில் இருக்க, தமிழ்க் கல்வெட்டு கன்னட நாட்டில் எழுந்தது. மொழியின் எல்லையும் ஆட்சியின் எல்லையும் ஒன்றாய் அமையாத காலத்தில் இதனை எவரும் வியப்பாகக் கருதியிருக்க மாட்டார்.

கொடுத்த நிலத்தின் அருமையையும் நாம் உணர வேண்டும். பெங்களூர் மேட்டுநிலம், வற்றாத பேராறு இங்கில்லை. பள்ளத்தாக்கின் குறுக்கே கரையிட்டு மழைநீரைத் தேக்கினர் முன்னோர். ஓர் ஏரி நிரம்பி வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் சென்றது. ஏரிக்குக் கீழ்ப்பட்ட நிலமென்றால் மதகுநீர் பாயும் நன்செய். ஊரிலேயே சிறந்த நிலம். அந்நிலம் விளைய வேண்டுமானால் ஆண்டுதோறும் தூர் வாரவும் கரையை உயர்த்தவும் ஊரார் யாவரும் கூட வேண்டும். தமிழ் பேசியவர் கூடையில் வந்த மண் இது, கன்னடம் பேசியவர் கூடையில் வந்த மண் இது என்று ஏரிக்கரை பிரித்தறியாது.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஹொய்சளரிடமிருந்து கண்ணனூரைக் கைப்பற்றினான். 1279ஓடு சோழர் ஆட்சியும் முடிவுற்றது. சோமேசுவரன் மைந்தன் இராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் உள்ளன. அரசுகள் போயின, கொடைச்செய்தி நின்றது. 1905இல் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை நூலாக்கி வெளியிட்டார். பழைய ஏரிகள் பல இன்றில்லை; தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்துகள் நிற்கின்றன.

நேயர்களே, இக்கல்லை உரிமைப் பத்திரமாக நீட்டி, இவ்வூர் எமது என்று வாதிட விழைவோர் உளர். தமிழர் நேற்று வந்தவரே என்று கருதுவோரும் உளர். சொற்களை நிறுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இரண்டும் பிழையான மொழிபெயர்ப்புகளாகவே தோன்றுகின்றன. அக்கல் கூறும் வினைச்சொல் 'கொடுத்தார்' என்பது, 'கொண்டார்' என்பதன்று. எண்ணூறு ஆண்டுகளை நெருங்கும் இந்நாளில் வேப்பூராரை நாம் நினைப்பது அந்த ஒரு சொல்லுக்காகவே. பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழர்களும், தாம் குடியேறிய ஊருக்குத் தாம் கொடுத்தது யாதென ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.