கிறிஸ்தவக் கோயிலுக்கு யூதர் சாட்சி

கடாரக் கரையில் வாழும் தமிழர் அறிந்திருக்க வேண்டிய பெயர்களுள் ஒன்று மணிக்கிராமம். இக்கரையின் வடபால், தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை இவ்வணிகக் குழுவின் காவலில் விட்டதைக் கூறுகின்றது. அதே குழுவின் பெயர் மலையாளக் கரையில் ஒரு கிறிஸ்தவக் கோயிலின் சாசனத்திலும் காணப்படுகின்றது. சுங்கை லாலாங் முதலிய ஊர்களில் பல மதத்தாரோடு கலந்து வாழும் நம்மவர்க்கு அதன் வரலாறு பெரிதும் பயன்படும்.

கி.பி. 849-இல், மார் சபீர் ஈசோ என்பார் கொல்லத்தில் எடுப்பித்த தரிசாப்பள்ளிக்கு, வேணாட்டு அய்யனடிகள் நிலமும் உரிமைகளும் செப்பேட்டில் எழுதி வழங்கினார். அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு குழுக்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஏட்டின் இறுதியில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. சில அரபி எழுத்தில். சில பாரசீகத்துப் பஹ்லவி எழுத்தில். சில எபிரேய எழுத்தில். எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டவர்கள் யூதர்கள். கிறிஸ்துவின் கோயிலுக்கு யூதர் சாட்சி நின்றனர்!

ஐரோப்பாவிலோ நிலை வேறு. இயேசுவைக் கொன்ற பழி யூத குலம் முழுவதையும் வழிவழியாகச் சாரும் என்று குருமார் பலர் போதித்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் அகஸ்தீன் யூதரைக் கொல்லலாகாது என்றார். ஆயினும், அவர்கள் சிதறித் தாழ்ந்து கிடந்தே கிறிஸ்தவ வேதத்தின் மெய்ம்மைக்குச் சாட்சி பகர வேண்டும் என்றார். அகஸ்தீன் விரும்பியது அடிமைச் சாட்சி. கொல்லம் கண்டது அண்டை வீட்டாரின் சாட்சி. இரண்டிற்கும் உள்ள தூரத்தை நேயர்களே அளந்து கொள்க.

அந்த ஐரோப்பியப் பகைமை போர்த்துகீசியருடன் கப்பலேறி வந்தது. 1560-இல் கோவாவில் மத விசாரணை மன்றம் அமைந்தது. கொச்சி மன்னரின் ஆதரவில், அரண்மனைக்கு அருகிலேயே யூதர் 1568-இல் கட்டிய ஜெபாலயத்தை, டச்சுக்காரர்க்கு உதவினர் என்று கூறிப் போர்த்துகீசியர் 1662-இல் தீக்கிரையாக்கினர். யூதரோடு அவர்கள் சினம் தணிந்ததா? இல்லை. 1599-இலேயே உதயம்பேரூர்ச் சங்கத்தின் ஆணையால் நாட்டுக் கிறிஸ்தவர்களின் சிரிய மொழி நூல்களும் எரிக்கப்பட்டன. பிறரைச் சுட்ட நெருப்புத் தன்னவரையும் சுட்டது.

இயேசுவும் யூதர், அவர் தாய் மரியாளும் யூதர், பவுலும் யூதர். கடவுள் தம் மக்களைத் தள்ளிவிடவில்லை என்று உரோமையர்க்கு எழுதிய நிருபத்தில் பவுலே அறுதியிட்டுரைத்தார். இவ்வளவும் தெரிந்திருந்தும் அப்பழி நீங்க நெடுங்காலமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 60 இலட்சம் யூதர் ஜெர்மானிய நாஜிகளால் கொல்லப்பட்ட பின்னரே கிறிஸ்தவ உலகின் மனச்சான்று விழித்தது. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ பொறுப்பாக்கலாகாது என்று அறிவித்தது.

பிறப்பினால் குற்றவாளி என்பதும், பிறப்பினால் இழிந்தவன் என்பதும் ஒரே நச்சு மரத்தின் இரு கிளைகள். முன்னதை எண்ணி வருந்தும் நாம், பின்னதை நம் வீட்டுத் திருமணங்களிலும் கோயில் வாயில்களிலும் வளர்ப்பது முறையாகுமா? ஆயிரத்து நூறாண்டுகட்கு முன் கொல்லத்து வணிகர் அறிந்த நாகரிகத்தை நாம் இனியேனும் கற்போமாக.