மூட்டை சுமந்த முதுகுக்கு உடற்பயிற்சி எதற்கு?

நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரிடம் போய், "முதுகுவலிக்கு உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் என்ன சொல்வார்? "நான் செய்வது வேறென்ன?" என்று சிரிப்பார். நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கிறது.

முதுகில் ஏறிய துறைமுகம்

ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகம் ஒரு காலத்தில் வெறும் கடற்கரை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நிற்கும். மசூலா படகுகளில் வரும் சரக்கைக் கரையில் ஆட்கள் சுமந்து இறக்குவார்கள். 1861-ல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் வந்தது. பிறகு கிரேன்களும் வந்தன. ஆனாலும் மூட்டைகள் மனித முதுகில்தான் ஏறின. 1983-ல் இங்கே கண்டெய்னர் முனையம் தொடங்கிய பிறகுதான் சுமை பெருமளவு இயந்திரத்துக்கு மாறியது. 2001-ல் எண்ணூரிலும் துறைமுகம் வந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. மூட்டை சுமந்த முதுகுக்குப் பதில், மணிக்கணக்கில் லாரியில் குலுங்கும் முதுகு!

படுத்தால் சரியாகுமா?

1863-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், வலிக்கு ஓய்வே மருந்து என்று வலியுறுத்தி ஒரு நூல் வெளியிட்டார். முதுகுவலி என்றால் படுத்துக்கொள் என்ற எண்ணம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. தினக்கூலிக்காரர் படுத்தால் அடுப்பு எரியாது என்பதை அந்த அறிவுரை கணக்கில் எடுக்கவில்லை.

1986-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோ குழுவினர் 203 நோயாளிகளை ஆராய்ந்தனர். 2 நாள் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள், 7 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்களைவிட 45 சதவீதம் குறைவான வேலை நாட்களையே இழந்தார்கள். இது பெரும்பாலும் புதிதாக வந்த வலியைப் பற்றியது.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு வழி காட்டியவர் சியாட்டில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். 1976-ல் வெளிவந்த அவரது நூலில் உள்ள முறை எளிமையானது. வலி நிறுத்தும்வரை செய்யாதே. முன்பே வைத்த அளவில் நிறுத்து. 10 நிமிடம் நடந்தால் வலி கூடுகிறதா? 7 நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். வலி குறைந்த நாளிலும் அதே 7 நிமிடம்தான். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். நல்ல நாளில் அதிகம் செய்து, மறுநாள் எழ முடியாமல் கிடப்பதால்தான் பலரும் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

வேலை வேறு, பயிற்சி வேறு

இப்போது தொழிலாளியின் கேள்விக்கு வருவோம். மூட்டையின் எடையை அவர் முடிவு செய்வதில்லை. எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில் இல்லை. ஒரே அசைவு, ஒரே பக்கம், நாள் முழுக்க. பயிற்சியில் இவையெல்லாம் செய்பவர் கையில் இருக்கின்றன. வித்தியாசம் அங்கேதான்.

முடிவாக

2023-ல் உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட முதுகுவலிக்கு முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. முதுகெலும்பு முறிவு, கட்டி போன்ற தனிக் காரணம் உள்ளதா என்று மருத்துவரிடம் முதலில் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு வேண்டியது தினமும் சில நிமிடங்களும், நடக்க லாரி இல்லாத ஒரு தெருவும்தான். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உழைப்பவருக்கு அந்த இரண்டும் கிடைப்பதுதான் கடினம்!