செபத்திலிருந்து ரைமுக்கு: கத்தோலிக்க மழலையர் வகுப்பில் மனப்பாடம் கடந்துவந்த பாதை

அம்பத்தூர் மேனாம்பேட்டில் மூன்றரை வயதுப் பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் எல்கேஜி சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது இங்கிலீஷையும் ஒழுக்கத்தையும். பிள்ளை அங்கே கற்பதோ இன்னும் நீளமான பட்டியல். நிற்கும் கோடு, படுக்கும் கோடு, சாய்ந்த கோடு. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. அ முதல் ஃ வரை. எண்கள், நிறங்கள், ரைம்ஸ். வரிசையில் நிற்பது, டிபன் பாக்ஸைத் திறக்குமுன் கைகூப்புவது, வகுப்புக்குள் சிஸ்டர் வந்தால் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்வது. இவை எல்லாம் ஒரே காலத்தில், ஒரே இடத்திலிருந்து வந்து சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு.

அந்த வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால் ஒரு விசித்திரமான இடமாற்றம் தெரிகிறது. தமிழகத்தில் கத்தோலிக்கர் சிறு குழந்தைகளுக்கென முதலில் கையாண்ட கற்பித்தல் முறை, சேர்ந்து சொல்லி மனப்பாடம் செய்வது. செபங்களுக்காக வந்த முறை அது. இன்றைய மழலையர் வகுப்பில் அது சமயப் பாடத்தைப் பெருமளவு விட்டுவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குக் குடிபோயிருக்கிறது. சமயப் பாடமோ படம், கதை, பாட்டு, உடற்பழக்கம் என்று வேறு உருவம் எடுத்துக்கொண்டது. இக்கட்டுரையின் வாதம் அவ்வளவே.

மணியடித்துக் கூட்டிய வகுப்பு

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு அடிப்படைச் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கினார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 சனவரியில் ரோமிலிருந்த தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரிக்கிறார். பிள்ளைகள் கற்றதை வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததையும் சொல்கிறார். ஆக, முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் குழந்தை மாணவனாக மட்டும் இல்லை; வீட்டுக்குள் சமயத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு உபதேசியாராகவும் இருந்தது. எல்கேஜி பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டிக்கு ஆங்கில ரைம் சொல்லிக்காட்டுவதை நினைத்துக்கொள்ளலாம். திசை அதேதான், சரக்கு மட்டும் வேறு.

அடுத்த படி அச்சு. என்றிக்கே என்றிக்கசு பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் என்று அது கொண்டாடப்படுகிறது. இக்கட்டுரைக்கு முக்கியமானது மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’. அதன் மூலம் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய ஞானோபதேசம். அந்தப் போர்த்துக்கீசிய நூல், சிறுவருக்குக் கற்பிப்பதற்காகவே உரையாடல் வடிவில் அமைக்கப்பட்டது. ஆசிரியர் கேட்பார், மாணவன் சொல்வான். பதில் மாறாது, மாறக் கூடாது. தமிழ் எழுத்தில் அச்சான இரண்டாவது நூலே குழந்தைகளுக்கான பாடநூல் ஒன்றின் தமிழ்வடிவம் என்பதை நம் அச்சு வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

நிலைத்த கேள்வி, நிலைத்த பதில் என்ற இந்த வடிவம் அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆட்டம் காணவில்லை. சாமியார் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் எட்டிப்பார்க்கும் ஊர்களில் உபதேசியாரே ஆசிரியர். அவர்களுக்கு வழிகாட்டியாக வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். எகர ஏகார, ஒகர ஓகார வரிவடிவங்களைப் பிரித்துக் காட்டிய சீர்திருத்தமும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. எனவே இன்று எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாயினும் சிலேட்டில் ‘எ’வையும் ‘ஏ’யையும் வேறுபடுத்தி எழுதும்போது ஓர் இயேசு சபைத் துறவிக்குக் கடன்பட்டிருக்கிறது.

மணலில் எழுதியவர்கள்

கத்தோலிக்க வகுப்பு வெற்றிடத்தில் வளரவில்லை. பக்கத்துத் தெருவில் திண்ணைப் பள்ளி இருந்தது. அங்கேயும் ஐந்து வயதில் தொடங்கி மணலில் விரலால் எழுதி, எழுதுவதை உரக்கச் சொல்லி, அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி என்று மனப்பாடம்தான். ஆசிரியரான அண்ணாவிக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். எழும்பூர் ஆண் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணலெழுத்தை ஒரு நாட்டுப்புறப் பள்ளியில் கண்டு தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் சில பத்தாண்டுகள் ‘மெட்ராஸ் முறை’யில் படித்தார்கள். பெல் ஆங்கிலிக்கன் குரு. கத்தோலிக்கக் கதையில் அவருக்கு நேரடி இடமில்லை. ஆனாலும் நம் மழலையர் கல்வி முழுக்க மேற்கிலிருந்து இறங்கியது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அவர் சாட்சி.

1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்தனர். அதுவரை உபதேசியார் கையில் இருந்த குழந்தை வகுப்பு, பெண் துறவியர் நடத்தும் ஆங்கில வகுப்பாக மாறத் தொடங்கியது அப்போதுதான். கறுப்பர் நகரில் தொடங்கிய அவர்களின் பணி, 1909இல் சர்ச் பார்க்கில் நிலைத்த பள்ளிவரை விரிந்தது. ஐரிஷ், ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளுக்காக வந்தவர்களிடம் பிறகு நகரத்து இந்துக் குடும்பங்களும் பெண்பிள்ளைகளை அனுப்பின. இளம் விதவைகளின் கல்விக்கு உழைத்த சுப்புலட்சுமியும் இக்கன்னியரிடம் படித்தவர். ‘கான்வென்ட்’ என்ற பெயருக்கு நம்மூரில் இன்றுள்ள மதிப்பு அந்த நாளில் முளைத்தது. துறவியே இல்லாத பள்ளிகளும் பெயர்ப்பலகையில் அதை எழுதிக்கொள்கின்றன.

விளையாட்டு வந்து சேர்ந்த வழி

பிரீட்ரிக் ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய குழந்தைக் கூடத்துக்கு 1840இல் இன்று உலகம் வழங்கும் பெயர் வைத்தார். மரக்கட்டை, பந்து, காகித மடிப்பு, பாட்டு, தோட்டம் ஆகியவையே பாடம். நாத்திகத்தையும் சோசலிசத்தையும் பரப்புகிறது என்று சொல்லிப் பிரஷ்ய அரசு 1851இல் இத்தகைய கூடங்களைத் தடை செய்தது; தடை 1860இல்தான் நீங்கியது. நாத்திகம் என்று பழிக்கப்பட்ட அதே வகுப்பைப் பிற்காலத்தில் உலகெங்கும் கன்னியர் மடங்கள் ஆர்வத்துடன் நடத்தியது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

சென்னைக்கு இம்முறை வந்ததில் மடங்களைவிட அரசின் பங்கே அதிகம். மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளரான இசபெல் பிராண்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இதற்காக உழைத்தார். இந்தியச் சூழலுக்கேற்ற கதை, பொருட்பாடம், கைவேலை, விளையாட்டுகளைத் தொகுத்து ஆசிரியர் கைநூலும் எழுதினார். 1854இன் உட் கல்வி அறிக்கைக்குப் பின் வந்த மானிய முறையில், ஆய்வாளர் விரும்புவதைப் பள்ளி செய்தே தீர வேண்டும். சமயப் பள்ளியானாலும் மானியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியது அரசிடம். சமயமும் விளையாட்டும் ஒரே வகுப்பில் அருகருகே உட்கார நேர்ந்தது இந்தக் கட்டாயத்தால்தான் என்று கருத இடமிருக்கிறது.

திருச்சபைக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்டில் வெளியிட்ட ஆணை, புதுநன்மை வாங்கும் வயதை ஏறத்தாழ ஏழுக்கு இறக்கியது. அதைவிட முக்கியம், அதற்கு ஞானோபதேசம் முழுவதும் ஒப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தன் வயதுக்கு ஏற்ற புரிதல் போதும் என்று அது சொன்னது. ஒப்பித்தலின் பிடி கொள்கையளவில் தளர்ந்தது அங்கே. நடைமுறையில் பிரம்பும் ஒப்பித்தலும் நம் பங்குகளில் இன்னும் அரை நூற்றாண்டு தொடர்ந்தன என்பது வேறு விஷயம்.

இந்தத் தளர்வைக் கற்பித்தல் முறையாக வளர்த்தவர் மரியா மாண்டிசோரி. 1907 சனவரி 6ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, ரோமின் சான் லொரென்சோ குடிசைப் பகுதியில் அவர் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். கத்தோலிக்கரான அவர் 1910களில் பார்சிலோனாவில் தம் முறையைச் சமயக் கல்விக்கும் பொருத்திப் பார்த்தார். குழந்தைகள் அளவுக்கேற்ற சிறு பீடமும் பாத்திரங்களும் செய்யப்பட்டன. கோதுமையும் திராட்சையும் அவர்கள் கையாலேயே பயிரிடப்பட்டன. நற்கருணைக்கு உரிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கேள்வி பதிலாக இல்லாமல் மண்ணில் கைவைத்துத் தெரிந்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது. அவருடைய புகழ்பெற்ற மௌன விளையாட்டில் குழந்தைகள் அசையாமல் அமர்ந்து, தொலைவிலிருந்து மெல்லிய குரலில் தம் பெயர் அழைக்கப்படுவதற்குக் காத்திருப்பார்கள். செப வேளைக்கும் விளையாட்டுக்கும் நடுவே அதை எங்கே வைப்பது என்று சொல்வது கடினம்.

இப்படிப்பட்டவரைச் சென்னைக்கு அழைத்தது திருச்சபை அல்ல, அடையாறு பிரம்மஞான சபை. 1939 நவம்பரில் வந்தவர், சபைத் தோட்டத்தில் ஓலைக்கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, மகன் மாரியோ அகமது நகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. அதற்குள் மயிலாப்பூரில் வி. என். சர்மாவும் ஜெர்மானியரான எல்லென் சர்மாவும் 1937இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியும் நடந்துகொண்டிருந்தது. நகரின் மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கல்வி இவ்வாறு அறிமுகமாயிற்று. அம்பத்தூர் அப்போது ஏரியும் வயலும்.

தொழிற்பேட்டை கேட்ட கல்வி

1949இல் டிஐ சைக்கிள், 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று சென்னையின் மேற்குப் புறம் மாறியபோது, தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினர். கத்தோலிக்கக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. பங்கும் பள்ளியும் பின்தொடர்ந்தன. ஆனால் வகுப்பை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பிற சமயத்தார். ஷிப்டு வேலை பார்க்கும் தகப்பன் கேட்டது ஞானோபதேசம் இல்லை. தனக்கு வாய்க்காத இங்கிலீஷ். 1978இல் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு விதித்தொகுப்பு வந்தபின் அந்தக் கேட்புக்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. ஒன்றாம் வகுப்புக்குக் கீழே எல்கேஜி, யுகேஜி என இரண்டு படிகள் ஊன்றிக்கொண்டன.

அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெற்றோர் ஒப்புதலின்றி ஒரு குழந்தையைச் சமயப் போதனையில் கலந்துகொள்ளச் செய்ய முடியாது. ஆகவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி எனப் பாடவேளை பிரிந்தது. மழலையர் வகுப்பில் இந்தப் பிரிவு அனேகமாகத் தெரிவதில்லை. காணாமற்போன ஆடு, நல்ல சமாரியர் கதைகள் எல்லாருக்கும் பொது. டிசம்பரில் குடிலும் பொது, பொங்கல் விழாவும் பொது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அமலோற்பவதாஸ் அடிகளாரின் முயற்சியில் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் எழுந்தது. திண்டிவனத்து நிலையம் தமிழில் அப்பணியைச் செய்தது. கேள்வி பதில் மனனத்திலிருந்து வாழ்வனுபவத்துக்கு மறைக்கல்வி திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்திய திசை. அது ஓரளவு நடந்தும் இருக்கிறது. இன்று பல மறைக்கல்வி நூல்களில் படத்துக்கு வண்ணம் தீட்டும் பக்கம் இருக்கும்.

அதே வகுப்பின் அடுத்த பாடவேளையைப் பாருங்கள். உன் பெயர் என்ன, உன் பள்ளியின் பெயர் என்ன, வாரத்துக்கு எத்தனை நாள் என்று ஆங்கிலத்தில் டீச்சர் கேட்க, நாற்பது வாய்கள் மாறாத ராகத்தில் மாறாத பதிலைச் சொல்கின்றன. ரைம்ஸும் அப்படியே. பனியே பார்த்திராத பிள்ளை பனி பற்றிய பாட்டை அபிநயத்துடன் ஒப்பிக்கிறது. 1579இன் ‘கிரிசித்தியானி வணக்க’த்தில் இருந்த கேள்வி பதில் ஏற்பாடு முழுசாக இங்கே உயிரோடிருக்கிறது. மூன்று வயதுக் கை பென்சிலைப் பிடிக்குமுன்னே கோட்டு நோட்டில் எழுதப் பணிக்கப்படுவதும் இந்த அவசரத்தின் விளைவு. ஃப்ரோபெல், மாண்டிசோரி இருவருமே இதற்கு உடன்பட்டிருக்க மாட்டார்கள். பள்ளிகளை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. நோட்டு நிரம்பாவிட்டால் வாசலில் வந்து நிற்பவர் பெற்றோர்தான்.

அரசுத் தரப்பில் வேறு பாதை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் பெயரிலேயே தன் நோக்கத்தைச் சொல்கிறது. இருந்தும் 2019 சனவரியில் அரசே 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்க வேண்டியதாயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், கத்தோலிக்கப் பள்ளியின் எல்கேஜி இடம் அந்த வழியில் கிடைக்காது. கட்டணச் சலுகை நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. ஏழைகளின் பிள்ளைகளிடமிருந்து தொடங்கிய சவேரியார் மரபுக்கு இது நெருடலான இடம்.

மொழி மாற்றம் இன்னும் கூர்மையானது. செபங்களைத் தமிழில் வைக்க 1540களில் அத்தனை பாடு; மேனாம்பேடு போன்ற பகுதிகளின் ஆங்கிலவழி வகுப்புகளில் இன்று காலைச் செபம் ஆங்கிலத்தில். கத்தோலிக்கப் பிள்ளை கர்த்தர் கற்பித்த செபத்தை இரண்டு முறை கற்கிறது: வார நாளில் பள்ளிக்காக ஆங்கிலத்தில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் தமிழில். அந்த ஞாயிறு வகுப்பை நடத்துபவர்கள் பெரும்பாலும் பங்கின் இளம்பெண்களும் கன்னியரும். சம்பளம் கிடையாது, ஆண்டு இறுதியில் ஒரு பரிசு விழா உண்டு. பாலர் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு இல்லை. சிலுவை அடையாளம் வரையத் தெரிகிறதா, அருள் நிறைந்த மரியே சொல்லத் தெரிகிறதா என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.