மலருக்கும் ஓர் உரிமம் வேண்டும்

பினாங்கில் தமிழ் அச்சு வேரூன்றி நெடுங்காலமாகிறது. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் இங்கே ‘வித்தியா விசாரிணி’ இதழைத் தொடங்கினார். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் அதற்கும் 50 ஆண்டு மூத்தது. ஆனால் ஜார்ஜ் டவுனில் நம் கோயில்களும் பள்ளிகளும் சங்கங்களும் வளர்ந்த கதையைத் தேடுகிறவர் கடைசியில் வந்து சேர்வது விழா மலர்களிடம்தான். வாழ்த்துரைகளையும் நன்கொடையாளர் விளம்பரங்களையும் தாண்டிப் புரட்டினால், வேறெங்கும் எழுதப்படாத செய்திகள் அவற்றில் உண்டு.

அவற்றை நகலெடுத்து இணையத்தில் ஏற்றலாமா? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் காலமான பிறகும் 50 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். ஒரு மலரில் இருபது பேர் எழுதியிருப்பார்கள். இருபது குடும்பங்களையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க எந்தச் செயலாளரால் முடியும்? அதற்குள் கரையான் அரித்துவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அனுமதியை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்: பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம். மென்பொருள் கையேடுகளுக்காக 2000இல் குனூ ஆவண உரிமம் வந்தது. தமிழ் விக்கிப்பீடியா முதலில் அதன்கீழ்தான் வளர்ந்தது. 2009இல் விக்கிப்பீடியாக்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ, முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் பரப்பலாம் என்ற எளிய நிபந்தனையோடு பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

மென்பொருள் விதி மலர் முழுவதற்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கருத்து. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே கருத்துக் கட்டுரைகளை வேறாகப் பிரிக்கிறார். அவற்றை அப்படியே பகிர்ந்தால் போதும், பிறர் திருத்த வேண்டியதில்லை என்பார். ஒரு முன்னாள் தலைமையாசிரியரின் நினைவுக் கட்டுரையில் இன்னொருவர் கைவைத்தால், அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். நிர்வாகக் குழுப் படத்தின் கீழே ‘இடமிருந்து வலம், அமர்ந்திருப்போர்’ என்று அச்சாகும் பெயர் வரிசை அப்படியன்று. அதில் ஒரு பெயர் இடம் மாறியிருந்தால், பின்னால் வரும் பேரப்பிள்ளை திருத்தி வெளியிட உரிமை வேண்டும். ஆண்டுவரிசை, அறங்காவலர் பட்டியல், நிறுவன வரலாறு எல்லாமே இந்த வகைதான்.

எனவே மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை வாங்கும்போதே எழுதுபவரின் இசைவையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வரலாற்றுப் பகுதியைப் பெயர் குறிப்பிட்டு யாரும் பகிரலாம், திருத்தலாம். நினைவுக் கட்டுரைகளை மாற்றாமல் பகிரலாம். இந்த இரண்டு வரிகளை ஒவ்வொரு மலரின் இரண்டாம் பக்கத்திலும் அச்சிடுங்கள்.