வார்டுக்குள் ஒரு காவல்

கொள்ளைநோய்க் காலத்தில், கவனம் தவறினால் மருத்துவமனையே நோயைப் பரப்பிவிடும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் மற்ற மருத்துவர்களைக் குளோரின் நீரில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த பிரசவ வார்டு மரணம் ஜூனில் 2 விழுக்காடளவுக்கு இறங்கியது. அப்படியும் சக மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை; படித்தவர்களின் வீம்புக்கு மருந்தில்லை. நம் பக்கம், 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றை அறிவிக்கவும் நோயாளியைத் தனிமைப்படுத்தவும் அதிகாரம் தந்தது. ஆனால் வார்டுக்குள் கைகளையும் படுக்கை விரிப்புகளையும் கண்காணிக்கச் சட்டம் மட்டும் போதாது, அதற்கென்றே தொற்றுத் தடுப்புச் செவிலியர்கள் வேண்டும்.

மருந்தும் தடுப்பூசியும் வந்தபின் இவர்கள் எதற்கு என்று கேட்கலாம். 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது இரண்டுமே கையில் இல்லை. நோயுற்றோரில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைகளில்தான் தொற்றியது. பேராம்பிராவில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி உயிரிழந்தார். தனி வார்டும் கவச உடையும் தொடர்பில் இருந்தோரைத் தேடிப் பிடித்த பணியும்தான் அதை அடக்கின. செலவு என்பது இன்னொரு மறுப்பு. சோப்புக்கும் கையுறைக்கும் ஆகும் செலவு, ஒரு வார்டையே மூடுவதைவிடக் குறைவு. பேகம்பூர்க்காரர்கள் நாடும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட எங்கும், தொற்றுத் தடுப்புச் செவிலியரை வேறு வேலைக்கு இழுக்காதீர்கள்.